சீலிங்கில் காணாமல் போன பதினெட்டு வோல்ட்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்தே கொளுத்துகிற வெயில். தொழிற்சாலையில் இரண்டு மோட்டார் பழுது. மதியத்துக்குள் இரண்டையும் ஓட விட்டேன். என்னை விட்டால் அங்கே யார்!

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ராமு முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறார். இடியாப்பம் அவிக்கும் மின்சார ஸ்டீமர் சுணங்குகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் வெந்த தட்டு இப்போது பதினைந்து எடுக்கிறது. ஞாயிறு கல்யாணத்துக்கு அறுநூறு இடியாப்பம். வேலையை விட்டுத் தொழில் தொடங்கிய பிறகு அவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர்.

"உள்ள சூடாக்குற எலிமெண்ட் ரோசாக், கெட்டுப்போச்சி செல்வி. புதுசு வாங்கிடலாம்லா."

"சும்மா இருங்க. அளந்து பாக்காம எதையும் வாங்க விடமாட்டேன்."

மார்ச் 5, புதன்

வேலையிடத்து மீட்டர் இரவல். ஸ்டீமர் ஓடும்போது அடுக்களைப் பிளக்கில்:

219 வோல்ட், 11.4 ஆம்பியர்.
மின்தடை 219 ÷ 11.4 = 19.2 ஓம்.
திறன் 219 × 11.4 = கிட்டத்தட்ட 2500 வாட்.

ஸ்டீமர் தகட்டில் பொறித்திருப்பது 240 வோல்ட், 3000 வாட். அப்படியென்றால் 12.5 ஆம்பியர். 240 ÷ 12.5 = அதே 19.2 ஓம். எலிமெண்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னேனா இல்லையா!

வாசல் மெயின் பெட்டியில் அளந்தேன். 237. மீதி 18 வோல்ட் வழியில் எங்கோ போகிறது. 18 × 11.4 = 205 வாட். அடுக்களைக்குக் கம்பி போகிற சீலிங்குக்குள் அவ்வளவு சூடு. அந்தக் கம்பி மகள் கவிதாவின் கட்டிலுக்கு மேலே போகிறது. ஸ்டீமர் சுவிட்சை உடனே அடைத்தேன். கவிதாவை எங்கள் அறையில் படுக்கச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

லீவு. மெயினை அடைத்துவிட்டு சீலிங் பலகையைக் கழற்றினேன். இரண்டு கம்பியை முறுக்கி இணைத்த இடத்தில் டேப் உருகி, கம்பி கருகி, பக்கத்துக் கட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கரி.

அந்த முறுக்கு என் கை முறுக்கு. பார்த்ததுமே தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன், இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று. அடுக்களைக்கு லைன் கொடுக்காமலே கன்ட்ராக்டர் போய்விட்டான். பால் சட்டி மின்சார அடுப்பில். "நல்ல நேரம் முடியப் போவுதும்மா" என்று பூசாரி பறந்தார். நான்தான் ஏறி இரண்டு கம்பியை முறுக்கி, டேப் சுற்றினேன். பால் பொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். முறையாக நாளைக்குப் போடலாம் என்று இறங்கினேன். அந்த நாளை வரவேயில்லை.

கீழேயிருந்து ராமு, "அலாமாக்! யாரு வேலைலா இது?"

"கன்ட்ராக்டர் வேலைதான்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவர் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கருகியதை வெட்டி எறிந்து, புதுக் கம்பி, நல்ல கனெக்டர், மூடிய பெட்டி. இப்போது 234 வோல்ட், 12.2 ஆம்பியர், 2855 வாட். தட்டு பழையபடி பன்னிரண்டு நிமிடம்.

மார்ச் 9, ஞாயிறு

அறுநூறும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மண்டபத்தில் ராமு பார்க்கிறவரிடமெல்லாம், "என் சம்சாரம் கணக்குப் போட்டே கண்டுபிடிச்சிட்டா அண்ணே!" ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. திரும்பும் வழியில், காரில், சொல்லிவிட்டேன்.

"அத முறுக்குனது நாந்தாங்க. கன்ட்ராக்டர் இல்ல."

"தெரியும்லா. அன்னிக்கி ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்னது யாரு?"

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான்."

பின் சீட்டில் கவிதா தூங்கிக்கொண்டு வந்தாள். திரும்பி அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.