குடிக்காதவன் செய்த சத்தியம்

நயினாதீவு,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கேதீஸ்வரிக்கு,

இங்கு எல்லோரும் நலம், நான் முக்கால்வாசி நலம். நீரும் மகள் அஜந்தாவும் பேரனும் கனடாக் குளிர் தொடங்குமுன் கொழுத்திருக்க நாகபூசணி அம்மனை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீர் என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டீர். அதனால் அங்கு வரும் இராசநாயகம் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் பிரித்து வாசித்திருந்தால், அவரையும் நலம் விசாரித்ததாகச் சொல்லும்.

நான் குடிக்கத் தொடங்கிவிட்டேன் என்று உமது மச்சாள் கோசலா சொல்லியிருப்பா. அவவில் பிழையில்லை. நீர் போன கையோடு, குறிகட்டுவான் துறையில் வள்ளத்தால் இறங்கும்போது கால் பின்னி, மீன்கார ஜோர்ஜின் பெட்டிக்குள் போய் இருந்தேன். விடியவே ஏத்திப்போட்டார் என்று சனம் சொன்னது. நானும் மறுக்கவில்லை. உடம்புக்கு வருத்தம் என்று தெரிந்தால் அன்றைக்கே உமக்குப் போன் வரும். நீர் பிள்ளைப்பேற்றையும் பாராமல் ஓடி வருவீர். குடி என்றால் வெறும் வெட்கக்கேடுதானே.

கோசலா விட்டாவோ? என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய், அம்மனுக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தா. இனித் தொடமாட்டேன் என்று அணைத்தேன். ஒருநாளும் தொடாதவனுக்கு அதைக் காப்பாற்றுவது பெரிய வேலையில்லை. மனுசி வரமுதல் திருந்திப்போடும் என்று ஐயர் என் காதுக்குள் சொன்னார்.

ஆனால் போன கிழமை போனில் பேசும்போது நீர் குடியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. காலுக்கு என்ன என்றுதான் கேட்டீர். அதற்குப் பிறகு எனக்கு ஒளிக்க ஏலாமல் போய்விட்டது.

வருத்தத்தின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். வெள்ளைக்காரருக்குத்தான் கூடுதலாக வருமாம். நயினாதீவில் எனக்கேன் இந்தப் பெருமை என்று யாழ்ப்பாணத்து நரம்பு டொக்டர் சர்மிதாவைக் கேட்டேன். சிரிக்காத பிள்ளை, சிரித்துவிட்டா. உடம்பின் காவல்காரரே நரம்பின் மேலுறையை உரிக்கினம் ஐயா என்றா. ஸ்கானில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. முதுகுத் தண்ணியும் எடுத்துப் பார்த்தார்கள். இதே சாடையில் வேறொரு வருத்தமும் உண்டாம், அதற்கு மருந்து வேறு. நல்லகாலம், அதன் அடையாளம் என் இரத்தத்தில் இல்லை.

இன்னொரு புதினம். நரம்பு பழுதாகும்போது அதன் துகள் இரத்தத்தில் கசியுமாம். ஓர் ஆராய்ச்சிக்காக என்னுடையதை அளந்தார்கள். முதலில் எக்கச்சக்கம். மருந்து தொடங்கியபின் நன்றாகக் குறைந்திருக்கிறது. இரத்தத்தை மட்டும் வைச்சு ஒண்டும் முடிவு சொல்லேலாது ஐயா, ஆனா நல்ல பக்கம்தான் போகுது என்றா அந்தப் பிள்ளை. காது கேளாதவன் மாதிரி நடித்து, அதைத் திரும்பவும் சொல்ல வைத்துக் கேட்டேன்.

இப்போது வலக்கால் சொல்வழி கேட்கிறது. இடக்கால் உம்முடைய அண்ணன்மார் மாதிரி, யோசித்துத்தான் அசையும்.

பிளேன் ரிக்கற்றை மாற்ற வேண்டாம். பேரனை ஆவணி வரை ஆசைதீரத் தூக்கும், எனக்கும் சேர்த்து. அஜந்தாவுக்குச் சொல்வதா இல்லையா என்பதை உம்மிடமே விடுகிறேன். அழுவதென்றால் அங்கேயே அழுதுவிட்டு வாரும். ஏசுவதை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வாரும்.

பேரனுக்கு என் ஆசீர்வாதம். நான் குறிகட்டுவானுக்கு வருவேன். பஸ்ஸால் இறங்கியதும் என்னைக் காணாவிட்டால் பயப்படாமல் பெட்டிகளோடு கொஞ்சம் நில்லும். மெதுவாகத்தான் வருவேன். வந்துவிடுவேன்.

உம்முடைய,
மயூரநாதன்