பொய்வயிறு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியமா இருக்கோம், அங்கே நீயும் மருமகளும் பேத்திக் குட்டியும் அதே மாதிரி இருக்கணும்னுதான் எங்க நினைப்பு பூரா. பால் கடை வழக்கம்போல ஓடுது, புதுசா வாங்கின ஃப்ரிட்ஜ் போடுற சத்தத்துக்குக் குளிரத்தான் மாட்டேங்குது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம், என்னோட சண்டை போடுற அளவுக்குத் தெம்பு வந்தாச்சு.

விஷயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை போன் பேசுறப்போ குட்டி பால் டம்ளரைத் தள்ளிட்டு வயிறு வலிக்குதுன்னு அழுதா, பொய்வயிறு, பேசாம குடின்னு நீ அதட்டினே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அது நான் உனக்கு வெச்ச பேராச்சேடா. பால்காரன் பிள்ளையே பால் வேண்டாம்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களான்னு உன் மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறேன்னு முதுகுல ரெண்டு வெச்சேன்.

போன மாசம் உடம்பு தேறட்டும்னு அம்மா தொல்லை தாங்காம நானும் தினம் ஒரு டம்ளர் பால் குடிக்க ஆரம்பிச்சேன், வயித்துல ஒரே கடமுடா. தெருமுனை டாக்டரம்மா கேட்டுட்டுச் சிரிச்சாங்க. கைக்குழந்தையில அநேகமா எல்லாருக்கும் பால் செரிக்குமாம், வளர வளரப் பாதிப் பேருக்கு மேல அந்தச் சக்தி குறைஞ்சிடுமாம். ஆயிரக்கணக்கான வருஷம் மாடு வளர்த்துப் பால் குடிச்சுப் பிழைச்ச கூட்டங்கள்ல, பெரியவங்களானப்புறமும் செரிக்கிற உடம்பு உள்ளவங்க அதிகம் தழைச்சு, அது வம்சத்துல தங்கிடுச்சாம். பழக்கம் ரத்தத்தையே மாத்தியிருக்கு பாரேன்! அம்மா அந்த ரகம், சொம்போட குடிப்பா. நான் இல்லை. முப்பது வருஷமா பால் விடாத டீ குடிச்சுட்டு, விக்கிற சரக்குல கை வைக்காத யோக்கியன்னு மார்தட்டிக்கிட்டேன். வயிறு வேண்டாம்னு சொன்னது மண்டையில ஏறவே இல்லை. தயிர் ஓரளவு ஒத்துக்குமாம், உறையுறப்பவே கொஞ்சம் செரிச்ச மாதிரி ஆயிடுதாம்.

நீ சொன்னது நிஜம்டா கண்ணு, நான்தான் நம்பல. என்னை மன்னிச்சிடு. குட்டியை அங்கே ஒரு டாக்டர்கிட்ட காட்டு, அதுவரை வற்புறுத்தாதே. அந்த வயிறு என்கிட்டேருந்து உங்களுக்கு வந்தது, அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அந்த வார்த்தையும் என்கிட்டேருந்து வந்ததுதான், அதை உன்னோட நிறுத்திடு.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருங்க. மறக்காம குட்டிகிட்ட சொல்லு, தாத்தாவுக்கும் நிஜமாவே வலிச்சுதுன்னு.

இப்படிக்கு,
பால் குடிக்காத பால்காரன்,
உன் அப்பா