உங்கள் பேருக்கு ஒரு மரைக்கால்

பனிச்சங்கேணி,
கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள்.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி அஜந்தா எழுதுகிறேன். அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். கனடாக் குளிரில் உங்களுக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வருத்தமும் வராமல் இருக்க வேண்டும். நான் அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று போன் காட்டுகிறது. பதிலைத்தான் காணவில்லை. போனில் தங்கச்சியை வெட்டிவிடலாம், கடிதத்தை என்ன செய்வீர்கள்? பிரிக்காமல் வைத்தாலும் மச்சாள் பிரித்து வாசித்துக் காட்டுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். இந்த மாரி நல்ல மழை. வாவி நிரம்பி வீதிவரை வந்து எட்டிப் பார்த்தது, முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் வடிந்தது. மேல் வட்டை வயல்களில் பயிர் தப்பிவிட்டது, பள்ளத்தில் விதைத்தவர்கள் பாடு கஷ்டம். என் மகள், உங்கள் மருமகள் கம்சாயினி, என்னைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டாள். வாயும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை செய்யும் தண்ணீர்ப் பூங்காவில், வாவி உலகத்தில், போன கிழமை மனேஜர் ஷிஹான் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். கொழும்பிலிருந்து வந்த முடிவை வாசித்தார். வருகிற சித்திரையிலிருந்து வெளிநாட்டார், உள்நாட்டார், ஊரார் என்ற மூன்று விலையும் இல்லை, எல்லாருக்கும் ஒரே விலை. ஊர்க் குடும்பங்களுக்குக் கொடுக்கும் வருட அட்டையும் அதோடு நிற்கும். பூங்கா ஆட்களைப் பிரித்துப் பார்க்கிறது என்று வெளிநாட்டிலிருந்து நிறைய முறைப்பாடு வந்துவிட்டதாம். முதலில் எழுதியவர் இந்த ஊரில் பிறந்தவராம். ஷிஹான் பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, பேஸ்புக்கில் நீங்கள் எழுதியதை இங்கே வாசிக்காத ஆள் இல்லை.

அண்ணன், நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வந்தீர்கள். மச்சாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்து ஊரார் வரிசையில் நின்றீர்கள். கவுண்டரில் நான் இருந்தேன். "சேர், அடையாள அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டேன். நீங்கள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தீர்கள். பக்கத்து வரிசைக்குப் போய், கனடாப் பாஸ்போட்டைக் காட்டி, வெளிநாட்டார் விலை கொடுத்து உள்ளே போனீர்கள். பிள்ளைகள் சறுக்கில் விளையாட, நீங்கள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே இருக்கும் பழைய தோணித்துறையில் பின்னேரம்வரை நின்றதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று வீட்டில் இறால் சொதி வைத்திருந்தேன். நீங்கள் வரவில்லை.

அந்த "சேர்" தான் உங்களைச் சுட்டது என்று எனக்குத் தெரியும். கவுண்டரில் இருப்பவர்கள் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது சட்டம். சிரிக்காதீர்கள், நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லாமல் ஒரு டிக்கட் விற்க முடியாது. மாமா என்றால் மாமாவுக்கு ஒரு விலை, மச்சான் என்றால் மச்சானுக்கு ஒரு விலை. ஓர் ஆளை முறை சொல்லிக் கூப்பிட்ட பிறகு அவரிடம் எப்படி அட்டை கேட்பது? அதனால் ஆறு வயதுப் பிள்ளையும் சேர்தான், என்ட புருசனும் சேர்தான். அன்று உங்களுக்கு மட்டும் அண்ணன் என்று சொல்லியிருந்தால், உங்களுக்குப் பின்னால் நின்ற இருபது பேருக்கும் நான் என்னவென்று சொல்வது?

அந்த வருட அட்டை யாரும் போட்ட பிச்சை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பனி வந்து துறையைச் சுற்றி வேலி அடித்தபோது நாங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் வெயிலில் போய்க் குந்தினோம். வேலியை அவர்கள் பிடுங்கவில்லை. ஆனால் கரையை எடுத்ததற்குப் பதிலாக, இங்கே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருட அட்டை தர ஒத்துக்கொண்டார்கள். முதல் வருடம் நம்மவர்கள் தாராளமாக நடந்துகொண்டார்கள். ஒரு வீட்டு அட்டையில் வான் நிறையச் சொந்தக்காரர்கள் மட்டக்களப்பிலிருந்து வந்து இறங்கினார்கள், கொழும்பிலிருந்தும் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் வைக்க இடம் இல்லை. அப்போதுதான் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று இறுக்கினோம். சங்கத்தில் அதற்கு முதலில் கை தூக்கியது நான். இப்போது கேட்டாலும் தூக்குவேன்.

எல்லாருக்கும் ஒரே விலை என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரே விலை உங்களுக்குக் கோப்பிக் காசு. எங்களுக்கு ஒரு வீட்டின் ஒரு கிழமைச் சாப்பாடு. உங்களுக்குக் கொஞ்சம் குறைத்துவிட்டு எங்களுக்குக் கதவைச் சாத்துகிறார்கள், அதற்குப் பேர் சமத்துவமாம். நீங்கள் இதை நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாசித்த அன்று உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப்பானை அடிப்பிடித்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் டவுனிலிருந்து ஜக்குலின் மிஸ் வந்து பூங்காக் குளத்தில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறா. வருட அட்டை இருந்தால் அதற்குத் தனிக் காசு இல்லை. சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் யாரும் பெண் பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. கணுக்காலுக்கு மேல் நனைந்தாலே வீட்டில் அடி விழும். கம்சாயினியையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். முதல் நாள் மிஸ் அவளைக் குளத்தில் இறக்கியபோது நான் கவுண்டரைப் பூட்டிவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். இப்போது அவள் குளத்தை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புவரை மீன் குஞ்சு போலப் போய் வருகிறாள். அவளோடு ஊர்ப் பெண் பிள்ளைகள் ஒரு பட்டாளமே நீந்துகிறது.

அம்மாவுக்கு நீந்தத் தெரியாது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்களுக்கும் எனக்கும் மட்டும் எப்படி நீந்தத் தெரிந்தது என்று கம்சாயினி கேட்டாள். தோணிக்காரக் கதிர்காமத்தம்பி அப்பாவைப் பற்றி, ஊருக்கே அப்பாவான அந்த மனிசனின் தோணியைப் பற்றிச் சொன்னேன். அக்கரை வட்டைக்குப் பாலம் இல்லாத காலத்தில் அந்தத் தோணிதானே நமக்குத் தெரு. நடு வாவியில் நீங்கள் என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பின்னாலேயே குதிப்பீர்கள். ஒரு கையால் என் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "காலை அடிகா, காலை அடி" என்று கத்துவீர்கள். அந்த மனிசன் மரக்கோலை ஊன்றித் தோணியை நிறுத்தி, நாம் ஏறும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்திருப்பார். வயலுக்குப் போகிற சனம் கத்தினாலும் அவர் அசைய மாட்டார். அண்ணன், அந்தத் தண்ணீரின் சூடு இன்னும் என் உடம்பில் இருக்கிறது. பூங்காக் குளத்துத் தண்ணீரில் மருந்து வாசம்தான் வருகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அந்தத் தோணியிலும் இரண்டு விலை இருந்தது. ஊர்ச் சனம் ஏறும்போது காசு கொடுப்பதில்லை. வயல் அறுத்துச் சூடு அடித்து நெல் பிரித்ததும் களவெட்டியிலேயே ஆளுக்கு ஒரு மரைக்கால் நெல் அவருக்கு அளந்துவிடுவோம். பிறகு வருடம் முழுக்கப் போகலாம், வரலாம். வெளி ஆட்கள் ஏறும்போதெல்லாம் சில்லறை கொடுக்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணி கொண்டு வரும் முகைதீன்பாவா நானாவை நினைவிருக்கிறதா? ஊர்க்காரனைவிட அதிகமாகத் தோணி ஏறுகிறவன் நான், எனக்கு மட்டும் ஏன் காசு என்று ஒவ்வொரு தரமும் சண்டை பிடிப்பார். ஒரு வருடம் அறுவடைக் காலத்தில் புதுச் சாரன் ஒன்றைக் கொண்டுவந்து கதிர்காமத்தம்பி அப்பாவின் மடியில் போட்டார். "என்னட்ட வயல் இல்ல, இதான் என்ட மரைக்கால்" என்றார். அன்றிலிருந்து அவரிடம் யாரும் சில்லறை கேட்கவில்லை.

நீங்கள் கனடா போன வருடமும் அம்மா களவெட்டியில் நெல் அளந்தா. நம் அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிறகு உங்கள் பேரைச் சொல்லி இன்னொன்று. கதிர்காமத்தம்பி அப்பா சாக்கைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, "மகன் இஞ்ச இல்லையேகா, அவன்ட நெல் எனக்கு என்னத்துக்கு" என்றார். அம்மா விடவில்லை. "ஒரு நாளைக்கு வருவான். வரக்குள்ள என்ட புள்ள கரையில நிண்டு காசு தேடப்படாது" என்று கொட்டிவிட்டா. அடுத்த வருடமும் அளந்தா. சண்டையில் பாதி வயல் தரிசாகக் கிடந்த வருடத்திலும் அளந்தா. கடல் வந்த வருடம்வரை உங்கள் மரைக்கால் தவறவில்லை.

அப்படிப் பார்த்தால் நீங்கள் அன்று நின்ற வரிசை சரியான வரிசைதான். இதை எழுதவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆனால் அந்த உரிமை சும்மா வந்ததில்லை. உங்களுக்காக ஒரு ஆள் இங்கே இருந்து அளந்துகொண்டிருந்தா. ஊர்ப் பிள்ளைகளின் அட்டையும் அப்படித்தான், அவர்களுக்காக நாங்கள் கரையை அளந்து கொடுத்தோம்.

அதனால் கேட்கிறேன். கொழும்புக்கு இன்னொரு தரம் எழுதுங்கள். எங்கள் சங்கம் அனுப்பிய கடிதத்தை அவர்கள் பிரித்தார்களோ தெரியாது, நீங்கள் எழுதினால் வாசிப்பார்கள். வெளிநாட்டு விலை கூடிப்போய்விட்டது என்று தாராளமாகச் சொல்லுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் துறையைக் கொடுத்த சனத்தின் வருட அட்டையில் கை வைக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். தை மாதம் கூடிப் பேசித்தான் முடிவை உறுதி செய்வார்களாம், அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். முதல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரியும் எழுத வேண்டாம், உங்களைக் குனிய வைத்து எங்களுக்கு ஒரு அட்டையும் தேவையில்லை. கம்சாயினிக்கு ஒரு மாமன்தான். அவள் நீந்துவதை அந்த மாமன் நிறுத்தினான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் வைகாசிக் குளிர்த்திக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு ஊர் அட்டை என்னால் எடுத்துத் தர முடியாது, அந்தச் சட்டத்தை நான் மாற்ற மாட்டேன். ஆனால் அன்று லீவு போட்டுவிட்டு உங்களோடு வெளிநாட்டார் வரிசையில், அது இல்லாமல் போனால் இருக்கிற வரிசையில், நிற்பேன். உங்கள் நாலு பேருக்கும் டிக்கட் என் சம்பளத்தில். நீங்கள் சட்டைப் பைக்குள் கை விடக் கூடாது. அம்மாவிடம் வயல் இருந்தது, நெல் அளந்தா. என்னிடம் இருப்பது இந்தச் சம்பளம்.

கவுண்டரில் இருக்கும் பிள்ளை உங்களை சேர் என்றுதான் கூப்பிடும், முகத்தைச் சுளிக்காதீர்கள். பக்கத்தில் நின்று ஊர் கேட்க அண்ணன் என்று கூப்பிட நான் இருப்பேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். இந்த முறை சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்.

உங்கள் தங்கச்சி,
அஜந்தா