சீசாவை மாற்றிய வியாழக்கிழமை

குரோதி வருஷம், ஆவணி 4, வியாழன்

காற்று அடங்கவில்லை. மல்லிகை இரண்டு கூடைதான் தேறியது.

பேரப்பிள்ளைகள் இந்த வருஷம்: சண்முகம் மதுரையில் டாக்டர் படிப்பு, நாலாம் வருஷத்துக்குப் பாஸ். ராசுவுக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை, தனி மேஜை. வசந்தா ஆறாம் வகுப்பில் முதல் மார்க், பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர். சண்முகத்தின் தங்கை சரோஜா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், அகரத்தில் பெண்களில் முதல் ஆள். அவளுடைய மாப்பிள்ளை தொப்பம்பட்டியில் வாத்தியார். இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று முன்கூட்டியே இங்கே கூட்டி வந்துவிட்டோம். நான் படித்தது அஞ்சாவது வரை.

இன்று திண்டுக்கல். சரோஜாவும் நானும். ஆஸ்பத்திரியில் அவளுடைய சிறுநீரைச் சீசாவில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் பையில் வைத்து என் மடியில். கண்டக்டர், "என்ன ஆத்தா, மடியில தேனா?" என்றான். "மருந்துடா" என்றேன். பஸ்ஸே சிரித்தது. மானம் போயிற்று.

டாக்டரம்மா கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார். பால் திரிந்ததுபோல வெள்ளையாகப் படிந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல். உப்பு, ஊறுகாய், கருவாடு கூடாது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கையில் ரத்தம் எடுத்தார்கள், மதுரைக்குப் போகிறதாம்.

"அடுத்த வியாழக்கிழமையும் நீர் இப்படி இருந்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் பாட்டி. பெட்டுல சேக்கணும்."

அடுத்த வெள்ளி வளைகாப்பு. சம்பந்தி வீட்டில் இருபது பேர் வருகிறார்கள்.

ஆவணி 6, சனி

சண்முகம் வந்தான். ரத்தம் எதற்கு என்று கேட்டேன். அவனுடைய வாத்தியார், பிரஷர் ஏறின பிள்ளைத்தாய்ச்சிகளின் ரத்தத்தில் என்சைம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறாராம்.

"அது என்னடா எஞ்சின்?"

"எஞ்சின் இல்ல அப்பத்தா, என்சைம். பாலுக்கு ஒறை ஊத்துறேல்ல? ஒடம்புக்குள்ள ஆயிரம் ஒறை இருக்குன்னு வச்சுக்க. ஈரலுக்குள்ள இருக்க வேண்டிய ஒறை, ஈரல் நொந்தா ரத்தத்துல ஒழுகிரும். அதத்தான் அளக்குறாரு."

"நம்ம புள்ளைக்கு ஒழுகுதா?"

"முந்தாநேத்து எடுத்ததுல சரியாத்தான் இருந்துச்சு. வாரா வாரம் பாக்கணும்."

சரோஜா கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து செத்த நேரம் அப்படியே நிற்கிறது. என் மருமகள் பாக்கியம், "வீக்கம் கூடிப்போச்சு அத்தே" என்றாள். அந்த வார்த்தையை வீட்டில் சொல்லாதே என்றேன். முதல் பிள்ளை, உடம்பு பூரித்திருக்கிறது. பூரிப்பு என்று சொல்.

வளைகாப்புச் சோறு: புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். சரோஜாவுக்கு மட்டும் உப்பில்லாமல் தனிச் சட்டி. முகம் சுளிக்கிறாள், சாப்பிடுகிறாள்.

ஆவணி 9, செவ்வாய்

பந்தல்காரன் வந்து அளந்து போனான். சம்பந்தி வீட்டுக் கார்டு: வண்டி பேசிவிட்டார்கள், வெள்ளி காலை எட்டுக்கு வந்துவிடுவார்கள். வளையல் அங்கேயே வாங்கியாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலா வளைகாப்பு? ஊர் என்ன சொல்லும்? சீக்குக்காரியைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று தொப்பம்பட்டியில் சொல்வார்கள். எனக்கு ஆறு பிரசவம். எந்தப் பிரசவத்துக்கு எவர் நீரைக் காய்ச்சினார்கள்?

ஆவணி 11, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

காலையில் சரோஜா சீசாவை நிரப்பித் துணி சுற்றி என்னிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்க அப்பத்தா, சிந்திராம." பின்பக்கம் போனேன். வாழை மூட்டில் கொட்டினேன். வெந்நீர் விட்டுக் கழுவினேன். என் நீரை நிரப்பினேன்.

டாக்டரம்மா சூடு காட்டினார். தண்ணீராட்டம் நின்றது. "ரொம்பத் தெளிவா இருக்கே! பத்தியம் சரியா இருந்திருக்கீங்க" என்றார். அழுத்தம் கூடுதல்தான். ஆனாலும் நீர் தெளிவாக இருப்பதால் வீட்டிலேயே படுக்கட்டும், திங்கள் கூட்டி வாருங்கள் என்றார். ரத்தம் மறுபடி எடுத்தார்கள்.

எனக்குச் சந்தோஷம். வளைகாப்பு நடக்கும் என்பது ஒன்று. இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது. அறுபத்து மூன்று வயதில் என் நீர் பாஸ்.

ஆவணி 12, வெள்ளி

வளைகாப்பு. கூட்டம். சாப்பாடு குறை இல்லை.

வளையல் ஏறவில்லை. சம்பந்தியம்மா பெரிய அளவாகத்தான் வாங்கி வந்திருந்தார். எண்ணெய் தடவினோம். நாலு உடைந்தது, சரோஜா புறங்கையில் கீறல்.

"ஏனுங்க, புள்ளைக்குக் கையெல்லாம் இப்படி ஊதியிருக்குதுங்களே. டாக்டர் ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"பூரிப்புங்க. நேத்துத்தான் பாத்துட்டு வந்தோம். எல்லாந் தெளிவுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க."

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கை வளையலைக் கழற்றி, சரோஜா மடியில் வைத்தார். "ஏறும்போது போட்டுக்க கண்ணு. இப்ப இருக்கட்டும்."

சாயங்காலம் சரோஜாவுக்குத் தலைவலி. கண் முன்னால் பூச்சி பூச்சியாகப் பறக்கிறது என்றாள். கண்ணேறு என்று சுற்றிப்போட்டேன். மிளகாய் நெடி வந்ததா என்று பாக்கியம் கேட்கவில்லை.

ஆவணி 13, சனி

பத்து மணிக்குச் சண்முகம், மதுரையிலிருந்து, கையில் காகிதம். மூச்சு வாங்கியது.

"என்சைம் மூணு பங்கு ஏறியிருக்கு அப்பத்தா. ஈரல் கெட்டுருக்கு. ஆனா நீர் தெளிவுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க. பிரஷர் நோயா இருந்தா நீர் இம்புட்டுத் தெளிவா இருக்காதுங்கிறாரு எங்க சார். அப்ப இது காமாலைக் காய்ச்சலா இருக்கும், அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்னு பேசிக்கிறாங்க. ரத்தம் ஒண்ணு சொல்லுது, நீர் ஒண்ணு சொல்லுது. சாரே கொழம்பிப் போயிட்டாரு."

"காமாலை வைத்தியம் பாத்தா என்ன ஆகும்?"

"காமாலையா இல்லேன்னா, நாளு போயிரும். பிரஷருன்னா உடனே சேக்கணும். ஜன்னி இழுத்துச்சுன்னா தாயி புள்ள ரெண்டும்..."

அவனை மாட்டுக் கொட்டத்துக்குக் கூட்டிப் போனேன். "நீர் அவளுது இல்லடா" என்றேன்.

"பெறகு?"

"என்னுது."

திட்டுவான் என்று இருந்தேன். திட்டவில்லை. "போன வியாழக்கெழமை மட்டுமா? அதுக்கு முந்தியுமா?" என்று கேட்டான். மட்டும்தான் என்றேன். பேனாவை எடுத்து, காகிதத்தில் ஒரு வரியை அடித்து, இங்கிலீஷில் எழுதினான். என்னடா எழுதினாய் என்றேன்.

"மாதிரி பாட்டியுடையது."

பாட்டி என்றான். பிறந்ததிலிருந்து அவனுக்கு நான் அப்பத்தா.

சரோஜாவை டாக்சி வைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டரம்மாவிடமும் நானே சொன்னேன், மற்ற எல்லாரும் இருக்கும்போதே. கையைக் கழுவிக்கொண்டே, "உங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு பாட்டி" என்றார்.

ஆவணி 14, ஞாயிறு

சன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. தூக்க ஊசி. விடிந்ததும் ஒருமுறை இழுத்துவிட்டது. கை கால் வெட்டியது, நர்சு பல்லுக்கிடையில் கரண்டி வைத்தாள். பாக்கியம் என்னை வெளியே போகச் சொன்னாள். "போங்க அத்தே." அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷத்தில் என்னைப் போங்க என்று அவள் சொன்னதில்லை.

வராந்தாவில் இருந்தேன்.

ஆவணி 15, திங்கள்

பெண் குழந்தை. நாலு பவுண்டுகூட இல்லை. அழுதது. சரோஜா பிழைத்தாள்.

ரத்தம் மறுபடி மதுரைக்குப் போயிருக்கிறது.

ஆவணி 20, சனி

என்சைம் இறங்குகிறதாம். சண்முகம் பாக்கியத்திடம் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன்.

சரோஜா கண் நன்றாகத் தெரிகிறது. குழந்தைக்குப் பஞ்சை நனைத்துப் பால். நான் மட்டும் இருந்த நேரத்தில் கேட்டாள்.

"அப்பத்தா, அன்னைக்கு என் சீசாவத்தான டாக்டரம்மாகிட்ட குடுத்த?"

"ஆமாம்மா" என்றேன்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது, அவளுக்கு முன்னமே தெரியும். நான் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

ஐப்பசி 27, வியாழன்

மழை. தொப்பம்பட்டிக்காரர்கள் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப் போனார்கள். சரோஜா, அம்மாவிடம் போயிட்டு வாரேன் என்றாள், அப்பாவிடம் சொன்னாள், பசு மாட்டைக்கூடத் தடவினாள். நான் அரிசி அளக்கிற சாக்கில் உள்ளே இருந்தேன். வண்டிச் சத்தம் போகும்வரை அளந்தேன். எத்தனை படி என்று கேட்டால் தெரியாது.

தை 9, வெள்ளி

குளிர். சரோஜா கடிதம் பாக்கியத்துக்கு வருகிறது. அதில் எனக்கென்று ஒரு வரி இல்லை. குழந்தை குப்புற விழுந்துவிட்டதாம். போன மாதம் வந்த படத்தைப் பாக்கியம் பெட்டியில் வைத்திருக்கிறாள். கேட்டால் காட்டுவாள். கேட்கவில்லை.

மத்தியானம் நானே எழுத உட்கார்ந்தேன். "கவருல எழுதுங்க அத்தே, கார்டுன்னா தபால்காரரு படிப்பாரு, சம்பந்தியம்மா யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க" என்றாள் பாக்கியம். படிக்கட்டும் என்றேன். கார்டிலேயே எழுதினேன்.

சரோஜாவுக்கு அப்பத்தா எழுதுவது. ஆவணி பதினொன்றாம் தேதி உன் சீசாவைக் கொட்டிவிட்டு என் நீரை வைத்தது நான். நீ கேட்டபோது பொய் சொன்னதும் நான். வளைகாப்பு நின்றால் ஊரில் பேச்சாகும் என்று செய்தேன். உன் மாமியாரிடம் பூரிப்பு என்று சொன்னதும் பொய், அவர்களுக்கும் படித்துக் காட்டு.

எழுத்து பெரிது பெரிதாகப் போய்விட்டது. கீழே ஒரு விரல் இடம்தான் மிச்சம். அதில் எழுதினேன்: நீயும் குழந்தையும் சேர்ந்து இருக்கிற புதுப் படம் ஒன்று, என் பேருக்கு, தபாலில் போடவும்.