ஊடு என்று நீ வைத்த பெயர்

இன்று பனியன் கண்காட்சியில் ஓர் அரங்கின் திரையில் ஒரு பெண் உருவம் சுழன்று சுழன்று சட்டை காட்டிக்கொண்டிருந்தது. கேமரா முன் ஓர் அட்டையை வைத்தால் எழுந்து நிற்கும், எடுத்தால் மறையும். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை.

அப்படி ஒன்றைத்தானே அருள்புரத்துப் பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில் நீயும் நானும் செய்தோம். கறுப்புக் கட்டம் அச்சிட்ட அட்டையை மேசையில் வைத்தால், திரையில் அதே மேசைமேல் சட்டை நிற்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தன் ஊரிலிருந்தே பார்க்கலாம். வெறும் சட்டை பேய் மாதிரி இருக்கிறது என்று நீயே அதைப் போட்டுக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் படமெடுக்கச் சொன்னாய். அதற்கு ஊடு என்ற பெயரும் நீ வைத்ததுதான்.

"எங்க குன்னத்தூர்ல ஊடுன்னா வீடு. நீ படிக்கற புஸ்தகத்துல ஊடுன்னா நடுவுல. நம்ம மேசைக்கும் அவன் ஊருக்கும் நடுவுல ஒரு வீடு. செரியா புள்ள?"

பிறகு உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல். நீ போன பின்னும் முதலாளி உன்னை பையர்களுக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். உருவம் நன்றாக அமைந்துவிட்டதாம். உன் நிறத்தை மட்டும் கொஞ்சம் வெளுக்க வேண்டுமாம். துணியை பிளீச்சிங்குக்கு அனுப்பச் சொல்லும் அதே குரல். முடியாதுங்க என்றேன்.

அப்போதுதான் உன் டிபன் பாக்ஸை வாங்கிப்போக உன் அம்மா வந்தார். முதலாளி பெருமையாக அட்டையை மேசையில் வைத்தார்.

"பாருங்கம்மா, உங்க புள்ள இங்கதான் இருக்குது."

திரையில் நீ சிரித்தபடி சுழன்றாய். அம்மா திரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். மேசைமேல் அட்டை மட்டும் கிடந்தது. தயங்கித் தயங்கி அதைத் தொட்டார். கை கட்டத்தை மறைத்ததும் திரையில் நீ காணாமல் போனாய். பதறிக் கையை எடுத்தார். அதே சிரிப்போடு மறுபடி நின்றாய்.

"புள்ளைய ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க சாமி" என்றார்.

"ஊட்டுக்குள்ளதானுங்க இருக்குது" என்று முதலாளி சிரித்தார். நீ வைத்த பெயரை அந்த வாயில் கேட்டதும் எழுந்தேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரிலிருந்து உன்னை அழித்தேன். அட்டையை எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவோடு பஸ் ஏறிக் குன்னத்தூர் போனேன். வழியெல்லாம் அவர் டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்தார். அட்டையை நீட்டினேன், வேண்டாம் கண்ணு, நீயே வெச்சுக்கோ என்றார்.

அது என் கைப்பையில்தான் இருக்கிறது. இன்று பார்த்த கேமராவுக்கு உன்னைத் தெரியாது. அது எனக்குத் தெரிந்தும், அதைத் தாண்டும்போது பையை இறுக்கி மூடிக்கொண்டேன்.