ஆற்றில் கம்பு ஊன்றியவன்

ராப்பிடான் ஆற்றங்கரை, வர்ஜீனியா
1864 மார்ச் 3

அன்பு மகள் லொவினாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை ஹார்லனும் உடம்புக்கு ஒன்றும் வராமல் பனிக்காலத்தைக் கடத்தியிருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். எனக்கு இருமல் விட்டது, பல்வலி விடவில்லை. உன் அம்மா பின்னி அனுப்பிய காலுறை வந்தது, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, அவளிடம் சொல்லிவிடாதே.

காவலில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டிருந்தாய். ஒரு வாரம் கரையில் நிற்போம், பிறகு முகாமில் விறகு வெட்டுவோம். கரையில் நாலு பேருக்கு ஒரு குடிசை, மரத்தை அடுக்கிச் சேறு பூசி நாங்களே கட்டியது. ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்தால்தான் கடிக்க முடியும், ஊறினால் புழு மிதக்கும், வழித்துப் போட்டுவிட்டுக் குடிப்போம். எதிர்க்கரையில், வடக்குப் படையான எங்களை யாங்கி என்று கூப்பிடும் தெற்குப் படைக்காரர்களுக்கும் இதே பிழைப்பு, காப்பி மட்டும் கிடையாது. சும்மா நிற்பவனைச் சுடுவதில்லை என்று இரு பக்கமும் வாய்ப்பேச்சில் ஓர் ஏற்பாடு. போன வாரம் அங்கே புதிதாக ஒருவன் வந்தான், ஒல்லி, தொப்பிக்குப் பாதி விளிம்பு இல்லை. காலையிலும் மத்தியானமும் கோடு வெட்டிய கம்பு ஒன்றைத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்துவிட்டுப் போவான். எதற்கென்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது. எங்கள் சார்ஜன்ட் கில்கிரீஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, "ஆழம் பாக்கிறான்யா, படையை இறக்கப் போறாங்க. மறுபடி கம்போட வந்தா சுட்டுடு" என்று எனக்கே உத்தரவு போட்டார். இரண்டு வருஷத்தில் முகம் தெரிந்த ஒருவனை நான் குறிபார்த்ததில்லை, மகளே. "ஒரு வார்த்தை கேட்டுப் பாத்துடறேனே" என்றேன். "கேட்டா சொல்லிடுவானாக்கும்" என்று சிரித்தார், ஆனாலும் தடுக்கவில்லை.

மத்தியானம் அவன் கம்போடு இறங்கினான். துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையைத் தூக்கிக் காட்டி, "ஏம்ப்பா, தினமும் என்னதான் அளக்கிறே?" என்று கத்தினேன். "தண்ணியத்தான், யாங்கி தாத்தா! உன் தாடியையா அளப்பேன்?" என்றான். ஊரில் ஆற்றோரம் மாவு மில் வைத்திருந்தவனாம், ஆற்றைக் கண்டால் அளக்காமல் இருக்க முடியாதாம். சொல்லிக்கொண்டே கம்பைப் பார்த்தவனின் முகம் மாறிவிட்டது. "மலையில பனி உருகுது. காலையிலேர்ந்து ஒரு சாண் ஏறியிருக்கு. உங்க குடிசை பள்ளத்துல இருக்கு, உடனே மேல ஏறிடுங்க!" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய அதிகாரி வந்து நின்றதை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை.

சார்ஜன்ட் இது சூழ்ச்சி என்றார். ஏமாற்றுகிறவன் இப்படி மூச்சுவாங்கக் கத்தமாட்டான் என்று நான் வாதாடி, நாலு பேரும் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏறினோம். பொழுது சாயுமுன் வெள்ளம் வந்தது, குடிசையின் கூரைகூடத் தெரியவில்லை.

மறுநாள் அங்கே வேறு ஆள். கம்புக்காரனைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த நாள்தான் வாய் திறந்தான்: "உங்களோட பேசினதுக்குத் தண்டனை. விடிஞ்சதிலேர்ந்து தோள்ல மரக்கட்டையைச் சுமந்துக்கிட்டு நடக்கிறான். நடந்துக்கிட்டே, அந்தத் தாத்தா நனைஞ்சாரா, நனைஞ்சாரான்னு கேக்கிறான்." "நனையலேன்னு சொல்லுப்பா, நாலு பேருமே நனையலே" என்றேன். அந்தக் கம்புக்காரன் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்தானே, தண்ணீர் வாளியை ஹார்லனே தூக்கட்டும். கடவுள் உங்களை மூன்று பேராக்கி நலமாக வைக்கட்டும். குழந்தை பிறந்ததும் யாருடைய மூக்கு, யாருடைய காது என்று ஒன்றுவிடாமல் எழுது, மறந்துவிடாதே.

உன் அப்பா,
அமாசா தார்ன்டைக்