மெத்தியோனின் இருந்த புத்தகம்

அப்பா,

இன்று காலை முதலாமாண்டுப் பெண் ஒருத்தி என் விடுதி அறைக்கு வந்து, "அக்கா, பயோகெமிஸ்ட்ரிக்கு எந்த புக் வாங்கட்டும்?" என்று கேட்டாள். காட்டலாமென்று என்னுடையதைத் திறந்தேன். கருவாட்டுத் தூளும் மக்காச்சோளமும் கலந்த நம் கோழித் தீவன வாசம் குப்பென்று அடித்தது. அவள் மூக்கைச் சுளித்தாள். எனக்கு, சேலத்துப் புத்தகக் கடையில் நீங்கள் நின்ற கோலம் கண்முன் வந்தது.

ஒல்லிப் புத்தகமே தேர்வுக்குப் போதும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் அதைத்தான் கையில் வைத்திருந்தேன். விருப்பமில்லாத படிப்புக்கு எதற்குத் தலையணை மாதிரிப் புத்தகம்? நீங்களோ கடைக்காரரிடம், "ஏனுங்க, மெத்தியோனின் எதுல சாஸ்தியா போட்டிருக்குதுங்க?" என்றீர்கள். அவர் திருதிருவென விழித்தார். நீங்களே கடைசிப் பக்கங்களில் எழுத்துக்கூட்டித் தேடினீர்கள். கோழித் தீவனத்தில் கலக்கிற அமினோ அமில மூட்டையில் தினமும் பார்க்கும் பெயராயிற்றே. "இங்க பாரு சாமி, நம்ம சரக்கு! இந்தத் தடி புக்குலதான் நெறைய பக்கத்துல வருது. இதையே எடுத்துக்க." மருத்துவக் கல்லூரிப் புத்தகத்தை இப்படித் தேர்ந்தெடுத்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். நாமக்கல் வரைக்கும் அது வேனில் தீவன மூட்டைகளுக்கு நடுவே வந்தது.

மருத்துவம் வேண்டாம், கோழிப் பண்ணையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவு கெஞ்சினேன். "இந்த நாத்தம் என்னோட போவட்டும்" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். பிறகு ஞாயிறுதோறும் போனில் அதே கேள்வி: "மெத்தியோனின் பாடம் வந்துருச்சா சாமி?" எனக்கு எரிச்சலாக வரும். பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும், நீங்கள் கத்தினாலும் சரி, படிப்பை விடுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதென்று இருந்தேன். அதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், "அப்பன் ஆசப்பட்டத முடிச்சுரு சாமி" என்றார்கள். பண்ணையை மாமா குத்தகைக்கு விட்டார். நீங்கள் இருந்திருந்தால் சண்டை போட்டாவது வெளியே வந்திருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கோபம் கோபமாக வருகிறது அப்பா, அதைக் காட்டவும் ஆளில்லை.

அந்தப் பாடம் நீங்கள் போன பிறகுதான் வந்தது. வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் அந்தப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு, தோற்றுப்போய் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் கேள்வியே மெத்தியோனின். அதை மட்டும் எப்படி விடுவது? தடிப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் எழுதித் தள்ளினேன். எழுதிய கை நிற்கவில்லை, மற்றதையும் எழுதிவிட்டது. தேறிவிட்டேன். வகுப்பே மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் குளியலறையில் அழுதேன்.

அந்தப் பெண்ணிடம் ஒல்லிப் புத்தகமே போதும் என்றேன். "உங்களுக்குத்தான் இந்தப் பாடம் முடிஞ்சுதே, அப்புறம் இத எதுக்குக்கா வச்சிருக்கீங்க?" என்றாள். சும்மா சிரித்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும் நேரத்துக்கு இன்னமும் அதைத் திறந்து மடியில் வைத்துக்கொள்கிறேன். வந்துருச்சுப்பா. மெத்தியோனின் வந்துருச்சு. நல்லாவே எழுதிட்டேன். இனி நான் எப்படிப்பா ஊட்டுக்கு வாரது?